குளிர்ச்சியின் கூலி: காரும் காற்றும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாளில், விடைத்தாள் திருத்தும் பணியை முடித்துக்கொண்டு நண்பர்கள் மூவரோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். வாடகைக்குப் பேசிய சிறிய கார். அடிவாரம் வரை ஏ.சி. நன்றாகவே ஓடியது. இரண்டாவது கொண்டையூசி வளைவைத் தாண்டியதும் ஓட்டுநர் தயங்கியவாறே கேட்டார்: "சார், ஏ.சி.யக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கட்டுங்களா? வண்டி இழுக்க மாட்டேங்குது."

முன்னிருக்கையில் இருந்த நண்பருக்குச் சினம். "ஏ.சி. வண்டின்னுதானப்பா பேசினோம்?"

"மேல போனதும் போட்டுடறேன் சார். வெயில் வேற. இன்ஜின் மூச்சு வாங்குது."

ஏ.சி. அணைக்கப்பட்டது. கண்ணாடிகள் இறக்கப்பட்டன. வண்டி இருபது வளைவுகளையும் ஏறி முடித்தது. மறுநாள் கணக்கு முடிக்கும்போது, ஏ.சி. பாதி வழிதான் ஓடியது என்று சொல்லி நண்பர் வாடகையில் இருநூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்ஜின் மூச்சு வாங்குது" என்ற அந்தத் தொடர் மட்டும் நெடுநாள் நம்மைவிட்டு அகலவில்லை. தமிழாசிரியனுக்கே உரிய பழக்கத்தால் முதலில் அதை உருவகம் என்றே எடுத்துக்கொண்டோம். பிறகு, இயற்பியல் துறையைச் சார்ந்த நண்பர் ஒருவரின் உதவியோடு சில நூல்களைப் புரட்டியபோதுதான் அது உருவகம் அன்று, நேர்ப்பொருள் என்பது விளங்கிற்று. அந்த ஓட்டுநர் ஒரே தொடரில் சொல்லி முடித்த உண்மையை அறிய ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கதையை இயன்ற அளவில் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

* * *

காற்றுக்கு எடை உண்டு என்பதிலிருந்து தொடங்கவேண்டும். கலிலியோவின் மாணாக்கர் வரிசையில் வந்த இத்தாலியர் தொரிச்செல்லி, மனிதர் வாழ்வது காற்று என்னும் கடலின் அடித்தளத்தில் என்ற கருத்தை 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கடல் என்றால் அடியில் அழுத்தம் மிகுதியாகவும் மேலே குறைவாகவும் இருக்கவேண்டுமல்லவா? இதைச் சோதிக்க விரும்பியவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். அவர் பாரிசில் இருந்தார், உடல்நலமும் குன்றியிருந்தது. ஆகவே தம் தமக்கையின் கணவர் புளோரின் பெரியேவைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு புய்-தெ-டோம் என்ற மலைமீது ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இருந்த பாதரச மட்டத்தைவிட உச்சியில் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. அந்த மலையின் உயரம் ஏறக்குறைய 1465 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

அடுத்த செய்தி வெப்பத்தைப் பற்றியது. 1802இல் பிரான்சின் கே-லுசாக், வாயுக்கள் அனைத்தும் வெப்பத்தால் ஒரே வீதத்தில் விரிகின்றன என்று வெளியிட்டார். விரிந்தால் மெலியும். இன்றைய கணக்கில் சொல்வதானால், 25 பாகை செல்சியசில் உள்ள காற்று 40 பாகைக்குச் சூடேறும்போது அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இன்னொரு குறைவு. கடலோர ஊரில் 35 பாகை வெப்பமும் நூற்றுக்கு எழுபத்தைந்து ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில், நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு வெறும் நீராவி. அது எரிய உதவாது.

இவற்றுக்கும் காருக்கும் என்ன தொடர்பு? எஞ்சின் பெட்ரோல் குடிப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பெருமளவு உண்பது காற்றையே. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய பதினான்கரைக் கிலோவுக்கும் மேல் காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று. எஞ்சின் இந்தக் காற்றை அளந்து எடுப்பது படியால், எடையால் அன்று. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் உண்டாகிறதோ அவ்வளவு காற்றுதான் உள்ளே வரும். எரிவதோ எடைக்கு ஏற்ப. ஒரு படி நெல்லும் ஒரு படி பொரியும் எடையில் ஒன்றாகுமா? குளிர்ந்த விடியற்காலையில் எஞ்சினுக்குக் கிடைப்பது நெல், சித்திரை நண்பகலில் மலைமேல் கிடைப்பது பொரி. படி மாறவில்லை, பசி ஆறவில்லை. மூச்சு வாங்குகிறது.

* * *

இந்தக் கதையின் தத்துவ நூல் 1824இல் பாரிசில் வெளிவந்தது. எழுதியவர் சாதி கார்னோ என்ற இளம் பொறியாளர். நெருப்பின் இயக்க ஆற்றலைப் பற்றிய அச்சிறு நூலை அவர் காலத்தில் அநேகமாக எவரும் கண்டுகொள்ளவில்லை. 1832இல் காலராவில் அவர் மறைந்தபோது வயது முப்பத்தாறு. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும்போதுதான் வேலை பிறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அருவியின் நீர் பள்ளம் நோக்கி விழும்போது சக்கரம் சுழல்வதைப் போல. அந்நூலிலேயே இதன் மறுபக்கமும் அடங்கியிருந்தது. வேலையைச் செலவிட்டால் வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் திருப்பி ஏற்றலாம். கிணற்றடியில் ஏற்றம் இறைப்பதைப் போல.

ஆகவே காரின் எஞ்சினும் ஏ.சி.யும் ஒரே கோட்பாட்டின் இரு முகங்கள். ஒன்று வெப்பத்தை விழச் செய்து வேலை பெறுகிறது, மற்றொன்று வேலையைக் கொடுத்து வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. காருக்குள் இவ்விரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். அருவிச் சக்கரத்தைக் கொண்டே ஏற்றத்தையும் இறைக்கும் விந்தையான ஏற்பாடு இது. அருவியில் நீர் குறைந்தால் என்னவாகும் என்பதே நம் ஓட்டுநரின் சிக்கல்.

நிக்கோலஸ் ஒட்டோ நான்கு வீச்சு எஞ்சினை 1876இல் ஓட்டிக் காட்டினார். 1886இல் கார்ல் பென்சின் மூன்று சக்கர வண்டி காப்புரிமை பெற்றது. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ப்ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டர் அளவுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்ற நிகழ்ச்சி புகழ்பெற்றது. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கினார். கொதித்து வற்றிய நீரை அடிக்கடி நிரப்பினார். மேட்டு நிலங்களில் வண்டி ஏற மறுத்தபோது மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். காரின் முதல் நெடும் பயணத்திலேயே அதன் இரு நோய்களும் வெளிப்பட்டுவிட்டன: ஏற்றத்தில் இளைப்பு, வெப்பத்தில் கொதிப்பு.

* * *

மலையேறினால் எஞ்சின் எவ்வளவு வலுவிழக்கும் என்பதைத் துல்லியமாக அளக்கும் தேவை கார்களால் வரவில்லை, போர் விமானங்களால் வந்தது. முதல் உலகப் போரின் இறுதி ஆண்டில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், 'லிபர்ட்டி' என்ற பன்னிரண்டு சிலிண்டர் விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் சிகரத்துக்குப் போனார். உயரம் ஏறத்தாழ 4300 மீட்டர். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், சிகரத்தின் மெல்லிய காற்றில் 230 குதிரைத்திறனே தந்தது. மூன்றில் ஒரு பங்கு வலு காற்றோடு போயிற்று.

மாஸ் அங்கே கொண்டுசென்றிருந்த கருவிதான் இன்று எல்லாரும் 'டர்போ' என்று சொல்வது. புகையாக வெளியேறும் வாயுவின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையிலுள்ள விசிறியால் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் திணிப்பது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905லேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சிகரத்தின்மேல் மாஸ் அதை இணைத்தபோது எஞ்சின் 356 குதிரைத்திறன் தந்தது. மலையுச்சியில் நின்றுகொண்டு அது தாழ்நிலத்துக் காற்றை உண்டது.

ஆனால் நெருக்கப்பட்ட காற்று சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவர். சூடேறிய காற்று மீண்டும் மெலியும். ஆகவே நெருக்கிய காற்றைக் குளிர்விக்க இன்னொரு கருவி வேண்டியதாயிற்று. 1942இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பொருத்தப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினின் புதிய வடிவம், காற்றை இரண்டு படிகளில் நெருக்கிப் பின் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்பியது. அதை வடிவமைத்தோரில் முதன்மையான ஸ்டான்லி ஹூக்கர் கணிதம் பயின்றவர். இன்று நம் சாலைகளில் ஓடும் டீசல் கார்களின் முகப்பில் ஒளிந்திருக்கும் 'இன்டர்கூலர்' அந்தப் போர்க்காலக் கருவியின் வழித்தோன்றலே. மனிதரைக் குளிர்விப்பதற்கு முன்பே எஞ்சினின் மூச்சுக்காற்றைக் குளிர்விக்கும் கலை முதிர்ந்துவிட்டது எனலாம்.

* * *

வெப்பத்தால் வரும் கேடு காற்றின் எடையோடு முடிவதில்லை. சூடான காற்றை உள்ளிழுத்து அமுக்கும்போது, தீப்பொறி வைத்த பக்கத்திலிருந்து சுடர் வந்து சேர்வதற்குள்ளாகவே மறுமூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். சிலிண்டருக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். பழைய ஓட்டுநர்கள் 'இன்ஜின் தட்டுது' என்பது இதைத்தான். வெயில் நாளில், ஏற்றத்தில், நிறைந்த சுமையோடு செல்லும்போதுதான் இது மிகுதி. இந்தத் தட்டலுக்கு அஞ்சியே 1920களின் கார்கள் கலவையை நான்கு மடங்கு அளவுக்கு மேல் அமுக்கத் துணியவில்லை. அமுக்கம் குறைந்தால் ஆற்றலும் குறைவு.

இங்கே நம் கதைக்குள் நுழைகிறார் தாமஸ் மிட்ஜ்லி. 1889இல் பிறந்தவர், இயந்திரவியல் படித்தவர், ஓஹையோவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ்ப் பணிபுரிந்தவர். தட்டலுக்கு மருந்து தேடிய அவர்களின் தொடக்கம் கவிதைக்கு நெருக்கமானது. பனிக்காலம் விலகுமுன்பே மலரும் ஒரு தரைக்கொடியின் இலைகளில் செந்நிறம் உண்டு, அந்தச் சிவப்பே வெப்பத்தை ஈர்த்து அதை முன்கூட்டி மலரச் செய்கிறது என்று கெட்டரிங் எண்ணினார். எரிபொருளையும் சிவப்பாக்கினால் அது வெப்பத்தை ஈர்த்து எளிதில் ஆவியாகுமே! கையருகே இருந்தது அயோடின். அதைக் கலந்தார் மிட்ஜ்லி, தட்டல் நின்றது. வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது நிற்கவில்லை. கருதுகோள் தவறு, விடை சரி. ஆய்வுலகில் இப்படியும் நிகழ்வதுண்டு.

அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. ஆண்டுக்கணக்கில் பல பொருள்களைச் சோதித்த பின் 1921 டிசம்பர் 9 அன்று ஈயத்தின் ஒரு சேர்மத்தில் வந்து நின்றார்கள். மிகச் சிறிதளவு கலந்தாலே தட்டல் அடங்கிற்று. சாராயமும் தட்டலைத் தடுக்கும் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் எவரும் வடித்துக்கொள்ளக்கூடிய சாராயத்தில் தனியுரிமை இலாபம் ஏது? 1923இல் ஈயப் பெட்ரோல் டேட்டனில் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நஞ்சேறித் தொழிலாளர் ஐவர் மனம் பிறழ்ந்து இறந்தனர். அதே மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்முன் அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சால் நலம் குன்றி ஓய்வுக்காக ஃபுளோரிடா சென்று திரும்பியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

* * *

இனி ஏ.சி.யின் பிறப்புக்கு வருவோம். இலக்கிய இதழ் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி, அது ஓர் அச்சகத்தில் பிறந்தது என்பது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வண்ணப் பக்கங்களை அச்சிட்டுவந்த ஓர் அச்சகத்தில், கோடைக்கால ஈரத்தால் காகிதம் உப்பி, ஒரு நிறத்தின்மேல் மறு நிறம் பொருந்தாமல் விலகிற்று. அந்தச் சிக்கலைத் தீர்க்க 1902இல் இருபத்தைந்து வயது வில்லிஸ் கேரியர் வரைந்த திட்டமே இன்றைய குளிர்பதனத்தின் தொடக்கம். மனிதர் வியர்ப்பதற்காக அன்று, காகிதம் வியர்ப்பதற்காகவே அது உருவாயிற்று.

அந்நாளைய குளிரூட்டும் கருவிகளில் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற கொடிய வாயுக்கள். கசிந்தால் உயிருக்கே கேடு. குறுகிய கார் அறைக்குள் இவற்றை வைப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. தீங்கற்ற வாயு ஒன்று வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் குளிர்சாதனப் பிரிவுக்காக 1928இல் அதைக் கண்டுபிடித்தவர் யார்? அதே தாமஸ் மிட்ஜ்லிதான். ஃபிரியான் என்ற பெயரில் அறியப்பட்ட அந்த வாயுவை 1930இல் வேதியியலாளர் கூட்டத்தில் ஒரு மூச்சு உள்ளிழுத்து, வெளியே விட்டு ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றவும் இல்லை. கரங்கள் தட்டின.

எஞ்சினுக்கு வலுச் சேர்த்த மருந்தும், அவ்வலுவைத் தின்னும் குளிர்ச்சியின் வாயுவும் ஒரே மனிதரின் மூளையில் உதித்தன என்பதைவிட வியப்பான தற்செயலை நாம் தொழில்நுட்ப வரலாற்றில் கண்டதில்லை.

1939 நவம்பரில் சிகாகோ கார்க் கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஏ.சி.யோடு கூடிய காரை முதன்முதலாகக் காட்டியது. கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் பகுதி பின்னிருக்கைக்குப் பின்னால், பெட்டிகள் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்ரெசரை எஞ்சினிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரெசரும் ஓடும், வலுவைத் தின்றுகொண்டே இருக்கும். நிறுத்த விரும்பினால் எஞ்சினை அணைத்து, இறங்கி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றவேண்டும். குளிர்காலம் முழுவதும் பெல்ட் இல்லாமலே ஓட்டினர். இந்த ஏற்பாடு 1941க்குப் பின் கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

அதே காலத்தில் அமெரிக்கப் பாலைநிலத்தைக் கடந்தோர் வேறொரு எளிய கருவியைக் கையாண்டனர். சன்னலோரத்தில் தொங்கவிட்ட ஓர் உருளை, உள்ளே ஈரமான நார்ப்பட்டை, வண்டி ஓடும் வேகத்தில் காற்று அதனூடே நுழைந்து குளிர்ந்து உள்ளே வரும். நம் வெட்டிவேர்த் தட்டியின் தூரத்து உறவு. எஞ்சினிடம் அது ஒரு துளி வலுவும் கேட்கவில்லை. ஆனால் ஈரம் மிகுந்த கடலோரங்களில் அது பயன்படாது.

போருக்குப் பின் 1953இல் கிரைஸ்லர் 'ஏர்டெம்ப்' கருவியோடு மீண்டும் முயன்றது. அடுத்த ஆண்டு நாஷ் நிறுவனம் எல்லாப் பகுதிகளையும் காரின் முன்புறத்திலேயே அடக்கிக் காட்டியது. 1968இல் அமெரிக்காவின் 'அம்பாசிடர்' என்ற கார் (பெயரில் மட்டுமே நம் ஊர் அம்பாசிடருக்கு உறவு) ஏ.சி.யைக் கூடுதல் விலை இல்லாமலே தந்தது. 1960களின் முடிவில் அந்நாட்டில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஏ.சி. இருந்தது. அங்கே எஞ்சின்கள் ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று பெரிய வயிறு படைத்தவை. கம்ப்ரெசர் கேட்ட சில குதிரைத்திறன் அவற்றுக்கு யானைப் பசியில் ஒரு சோளப்பொரி.

* * *

நம் நாட்டில் கதை வேறு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரின் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர். அதன் உச்ச வலு நாற்பது குதிரைத்திறனைத் தொடவில்லை. சிறிய காரின் கம்ப்ரெசர் வெயிலுக்குத் தக்கபடி ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் வரை கேட்கும். உச்ச வலு என்பதும் எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது மட்டுமே கிடைப்பது. வளைவில் வேகம் குறைந்து மீண்டும் ஏறும் வேளையில் கையிலிருப்பது அதில் பாதி அளவே. அந்தப் பாதியிலிருந்துதான் இந்தக் கூலியைக் கொடுக்கவேண்டும்.

அதிலும் ஒரு கொடுமை உண்டு. வெளியே வெயில் ஏற ஏற ஏ.சி. வெப்பத்தை இறைக்கவேண்டிய உயரமும் ஏறுகிறது. ஆகவே கம்ப்ரெசர் இன்னும் மிகுதியாக உழைக்கவேண்டும். அதே வெயிலில்தான் எஞ்சினுக்கு மெலிந்த காற்று கிடைக்கிறது, தட்டலும் வருகிறது. மழை பொய்த்த ஆண்டில்தான் கடன்காரன் வாசலில் வந்து நிற்பான் என்பதைப் போல, வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது. மேலும் ஏ.சி. வெளியே கொட்டும் வெப்பம் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் முகத்திலேயே வீசுகிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநில மலைச்சாலைகளில் ஏற்றம் தொடங்குமிடத்தில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளை நட்டிருப்பது இதனால்தான். அங்கே அரசு பலகை நட்டுச் சொன்னதை இங்கே ஓர் ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

'குதிரைத்திறன்' என்று விளம்பரத்தில் அச்சாகும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விசிறி முதலிய துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் அளந்து எண்களைப் பெருக்கிக் காட்டின. 1972முதல் அவற்றைப் பொருத்திய நிலையில் அளக்கத் தொடங்கியதும், அதே எஞ்சின்கள் தாளில் திடீரென இளைத்துப்போயின. இன்றும் அளவீட்டை ஒரு பொது வானிலைக்கு மாற்றிச் சொல்வதே மரபு: 25 பாகை வெப்பம், கடல்மட்டத்துக்கு நெருங்கிய காற்றழுத்தம். சித்திரை நண்பகலில் அந்த 25 பாகையைச் சேலத்தில் எங்கே தேடுவது? நமக்கு விற்கப்படும் எண், நமக்கு வாய்க்காத ஒரு வானிலையின் எண்.

இக்கால கார்களில் இந்தத் தயக்கத்துக்கு வேலை குறைவு. முடுக்கியை முழுவதும் மிதித்தால் கணினியே கம்ப்ரெசரைச் சற்று நேரம் விடுவித்துவிடுகிறது. தட்டலைக் கேட்கும் செவி ஒன்று 1980கள் முதல் எஞ்சின்களில் பொருத்தப்பட்டு வருகிறது. அது தட்டலைக் கேட்டதும் தீப்பொறியைப் பிந்தச் செய்து எஞ்சினைக் காக்கிறது. ஆயினும் இயற்கையின் கணக்கு மாறவில்லை, கணக்குப்பிள்ளைதான் மாறியிருக்கிறார்.

* * *

மிட்ஜ்லியின் இரு கொடைகளுக்கும் உலகம் கொடுத்த கூலியைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. பூமியின் வயதை அளந்த கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கும் பரவியிருந்த ஈயத்தின் மூலத்தைத் தேடிச் சென்று, காற்றிலும் கடலிலும் பனியிலும் பெட்ரோலின் ஈயம் படிந்திருப்பதை 1960களில் எடுத்துரைத்தார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குலைப்பதும் வெளிப்பட்டது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. அன்று இலாபம் இல்லையென்று ஒதுக்கப்பட்ட சாராயம் இன்று நம் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காகக் கலக்கப்படுகிறது என்பது வரலாற்றின் புன்னகை.

ஃபிரியான் குடும்பத்து வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1985இல் அண்டார்டிக் வானில் ஓசோன் மெலிந்திருந்தது அறியப்பட்டது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1990களில் கார்களுக்கு வந்த மாற்று வாயு ஓசோனுக்குத் தீங்கு செய்யாதது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட எடைக்கு எடை ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதையும் குறைக்க 2016இல் கிகாலியில் மற்றோர் ஒப்பந்தம் வேண்டியதாயிற்று. குளிர்ச்சி தேடி வெப்பம் சேர்த்தோம்.

மிட்ஜ்லியைக் கொடியவர் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஃபிரியானின் தீமையை அன்று எவரும் அறியார். ஈயத்தின் தீமையை அவர் அறிந்திருந்தார், கைகழுவிக் காட்டியதை மன்னிப்பது கடினம். 1940இல் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய அவர், படுக்கையிலிருந்து தம்மைத் தூக்கிவிடக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஒரு பொறியைத் தாமே அமைத்தார். 1944 நவம்பரில் அக்கயிறுகளிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது ஐம்பத்தைந்து.

* * *

ஏற்காட்டுக்குத் திரும்புவோம். இறங்கும்போது அந்த ஓட்டுநர் சொன்னபடியே ஏ.சி.யைப் போட்டார். கீழ்நோக்கிய வழியில் கியரில் இறங்கும் வண்டிக்கு எரிபொருள் அநேகமாகத் தேவையில்லை. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும், எஞ்சின் கம்ப்ரெசரைச் சுழற்றும். அந்த இருபது வளைவுகளிலும் எங்களைக் குளிர்வித்தது மலையின் உயரம். ஏறும்போது எங்கள் வியர்வையோடும் எஞ்சினின் இளைப்போடும் சேமித்த உயரத்தை இறங்கும்போது குளிர்ச்சியாகச் செலவழித்தோம். கணக்கு நேர்.

நேராகாத கணக்கு ஒன்று உண்டு. மேலே நாங்கள் ஏரியையும் தோட்டங்களையும் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் வண்டி நிறுத்துமிடத்தில் கதவுகளைத் திறந்துவைத்துத் துண்டால் விசிறிக்கொண்டு அமர்ந்திருந்ததைப் பார்த்தோம். நிற்கும் வண்டியில் ஏ.சி. போட்டால் பெட்ரோல் அவர் கணக்கில் ஏறும். எஞ்சினின் மூச்சை அவர் அறிந்திருந்தார். அவருடைய மூச்சைக் கேட்க எங்களில் எவருக்கும் செவி இருக்கவில்லை.

கார்னோ முதல் கிகாலி வரை படித்து முடித்த பின் நமக்குத் தெளிவானது இவ்வளவே: குளிர்ச்சி ஒருபோதும் இலவசம் அன்று. யாரோ ஒருவர், ஏதோ ஒன்று, எங்கோ அதன் கூலியைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நாளின் கூலி இருநூறு ரூபாய். அதை நாங்கள் கொடுத்திருக்கவேண்டும். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.